வீட்டைக் கொண்டுவந்தோம்… தெருவை?

பாரிஸ் தெருக்களில் தினமும் நடப்பவை என்ன? கோட்டக்குப்பத்துக்கு அவற்றில் எது வேண்டும், எது வேண்டாம்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், எந்த இடத்தில் யூனியன் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது என்று சட்டெனத் தெரியாது. கடைப் பலகையில் உள்ள முகவரியைப் படித்தால்தான் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், கோட்டக்குப்பம் வந்துவிட்டது புரியும். ஒரு காலத்தில் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. ஆட்சி இரண்டாக இருந்தாலும் சொந்தபந்தம் ஒன்றாகவே இருந்தது. பெண் கொடுத்ததும் எடுத்ததும், கடை வைத்ததும், வேலைக்குப் போனதும் கோட்டைத் தாண்டித்தான். அந்தச் சொந்தம்தான் பிற்பாடு இந்த ஊர்ப் பிள்ளைகள் பலரைப் பாரிஸ் வரைக்கும் அழைத்துப் போனது.

வெளிநாட்டுச் சம்பாத்தியம் ஊருக்குள் என்ன செய்திருக்கிறது என்பதைக் காட்ட யாரும் வழிகாட்ட வேண்டாம். மாடி மேல் மாடி, கிரானைட் படிக்கட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி, கலர்க் கண்ணாடி ஜன்னல். உழைத்த காசில் கட்டிய வீடுகள், பெருமைப்பட வேண்டியவை. ஆனால் அந்த வீட்டின் கேட்டைத் திறந்து வெளியே கால் வைத்தால், நடக்க இடம் இல்லை. இரண்டு சக்கர வண்டிகளுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே கிடைக்கிற சந்தில் பிள்ளைகள் புத்தகப்பையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். வயதானவர்கள் பள்ளிவாசலுக்குப் போகச் சாலையைக் கடக்க நேரம் பார்த்து நிற்கிறார்கள்.

பாரிஸில் நான் வசித்த காலத்தில் எனக்குள் ஓயாமல் ஓடிய கேள்வி இது. அந்த நகரத்திலிருந்து வாசனைத் திரவியம் கொண்டுவந்தோம், சாக்லெட் கொண்டுவந்தோம், வீட்டு வரைபடம்கூடக் கொண்டுவந்தோம். அங்கே தினமும் நடந்த தெருவிலிருந்து எதைக் கொண்டுவந்தோம்?

சைகோன் வழியாகப் பாரிஸ்

பிரெஞ்சு இந்தியாவிலிருந்து முதல் பெரிய பயணம் பாரிஸுக்கு நடக்கவில்லை, சைகோனுக்கு நடந்தது. இன்றைய வியட்நாம் அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்கள் எழுத்தர்களாக, காவலர்களாக, சிப்பாய்களாக அங்கே போனார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடையும் மளிகைக் கடையும் வைத்தார்கள். இன்றைய ஹோ சி மின் நகரத்தின் நடுவில், தோங் து தெருவில் உள்ள பள்ளிவாசல் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. அதற்குச் சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. போன இடத்தில் தொழவும் கும்பிடவும் ஒரு தெருவைத் தனதாக்கிக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களுக்கு அங்கேயே படிந்துவிட்டது.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது. விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களும், அந்தக் குடும்பங்களோடு திருமண உறவு கொண்டவர்களும் பிரான்சுக்குப் போகத் தொடங்கினார்கள். 1975இல் சைகோன் விழுந்தபோது அங்கிருந்தும் ஒரு கூட்டம் பிரான்சுக்குத் திரும்பியது. பாரிஸின் வடக்குப் புறநகர்களான சார்செல், கார்ஜ், லா கூர்னேவ் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் புதுச்சேரித் தமிழ் கேட்கத் தொடங்கிய காலம் அது.

1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் வந்தார்கள். புதுச்சேரிக்காரர் குடியுரிமைக் காகிதத்தோடு இறங்கிய அதே நிலையத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் எந்தக் காகிதமும் இல்லாமல் இறங்கினார். ஒருவர் அரசாங்க வேலைக்கு மனு எழுதினார்; இன்னொருவர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தார். பேசிய மொழி ஒன்று, நின்ற வரிசைகள் வேறு. இருவரும் வாரக் கடைசியில் சந்தித்துக்கொண்ட இடம்தான் லாச்சப்பல்.

முருங்கைக்காய் வந்து இறங்கும் தெரு

பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரிலிருந்து வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் ஃபோபூர் சென் தெனி தெருவின் மேல்பகுதி. லாச்சப்பல் மெட்ரோ நிலையம் தரைக்கு மேலே, இரும்புத் தூண்கள் மேல் நிற்கிறது. 1903இல் திறந்த அந்தப் பாலத்தின் மேல் ரயில் போகும்போது கீழே கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார்.

"வாங்கோ தம்பி. முருங்கைக்காய் இண்டைக்குத்தான் இறங்கினது. பாத்து எடுங்கோ."

"கருவேப்பிலை இருக்காண்ணே?"

"உள்ளுக்க இருக்கு. நீங்கள் பாண்டிச்சேரியோ?"

"பக்கத்துல. கோட்டக்குப்பம்."

"ஓமோம், எங்கட கடைக்குக் கனபேர் வாறவை."

இந்த நாலு வரிப் பேச்சுக்காகவே ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. வாழைப்பூ, பலாக்கொட்டை, இடியாப்ப மாவு, நகைக்கடை, சேலைக்கடை, முடிதிருத்தகம், பணம் அனுப்பும் கடை, இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகை. விளக்குக் கம்பங்களில் நாட்டியப் பள்ளி ஆண்டு விழாவும் ஊர்ச் சங்கக் கூட்டமும் யாரோ ஒருவரின் மரண அறிவித்தலும் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும். ஊரில் இறந்தவரின் செய்தியை அந்தக் கம்பத்தில் படித்துவிட்டு, கையில் காய்கறிப் பையோடு அசையாமல் நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் யார் எவர் என்று கேட்காமல் அவர் தோளில் கை வைத்தார்.

இந்தத் தெருக்கோடியில் பூஃப் து நோர் என்ற பழைய நாடக அரங்கு இருக்கிறது. மூடிக்கிடந்த அதை 1974இல் இயக்குநர் பீட்டர் புரூக் மீண்டும் திறந்தார். 1985இல் அவர் அரங்கேற்றிய 'மகாபாரதம்' இங்கேயும் நடந்தது. மல்லிகா சாராபாய் திரௌபதியாக நடித்தார். உள்ளே அந்த நாடகம் நடந்த காலத்தில், வெளியே அந்த நடைபாதையில் ஊரை இழந்து வந்த தமிழர்கள் முதல் கடைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே 1985இல்தான் பக்கத்து 18ஆம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் தோன்றியது.

இங்கே நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு தெருவுக்கு உயிர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊரில் பிறந்தவர்களாக இருப்பதில்லை. பிழைக்க வந்தவர்கள் காலை முதல் இரவு வரை தெருவில் நிற்கிறார்கள். நிற்பவர்களால் தெருவுக்குப் பாதுகாப்பும் வருகிறது.

காலை: தண்ணீரும் துடைப்பமும்

விடியற்காலையில் பாரிஸில் எழுந்து நடக்கிறவர் கண்ணில் முதலில் படுவது பச்சைச் சீருடை. துப்புரவுப் பணியாளர் நடைபாதை ஓரத்தில் குனிந்து, கையில் உள்ள நீளச் சாவியைத் தரையில் செருகித் திருப்புகிறார். நடைபாதை விளிம்பின் கீழிருந்து தண்ணீர் பீறிட்டு வருகிறது. பக்கத்தில் பழைய தரைவிரிப்புத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதைக் காலால் தள்ளி எந்தப் பக்கம் வைக்கிறாரோ, தண்ணீர் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். சிகரெட் துண்டு, இலைச்சருகு, காகிதம் எல்லாவற்றையும் நீளமான பச்சைத் துடைப்பத்தால் அந்த ஓட்டத்தில் தள்ளிவிட்டு, சரிவில் உள்ள வடிகால் வாய் வரைக்கும் கூடவே நடந்து போகிறார். விலை உயர்ந்த எந்திரமும் உண்டு. ஆனாலும் தெருவின் சரிவைத் தெரிந்து தண்ணீரைத் திருப்புவது அந்தச் சுருட்டிய துணிதான்.

இந்தத் தண்ணீர் குடிநீர் இல்லை. சேன் ஆற்றிலிருந்தும் 'ஊர்க்' என்ற கால்வாயிலிருந்தும் எடுத்து, தனிக் குழாயில் விடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் நகரத்தை இடித்துக் கட்டியபோது குடிக்க ஒரு குழாய், தெருவுக்கு ஒரு குழாய் என்று பிரித்துப் போட்டார்கள். 1883இல் எழேன் புபேல் என்ற ஆட்சியர், ஒவ்வொரு கட்டடமும் குப்பையை மூடிய தொட்டியில் போட வேண்டும், அதையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வீட்டுச் சொந்தக்காரர்கள் செலவு என்று எதிர்த்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடிக்காதே என்று போராடினார்கள். பிரித்துப் போடும் பழக்கம் முழுதாக வரப் பல தலைமுறை ஆனது. சுத்தம் வெள்ளைக்காரரின் பிறவிக் குணம் என்று நம் ஊரில் சொல்லும் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. குழாய் போட்டார்கள், சட்டம் போட்டார்கள், ஆள் போட்டார்கள், சம்பளம் கொடுத்தார்கள். அதனால் வந்த சுத்தம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பணியாளருக்குப் பூட்ஸ், கையுறை, ஒளிரும் சட்டை, ஓய்வறை, குறித்த வேலை நேரம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. கடைக்காரர் அவரைக் கண்டால் "பொன்ழூர்" என்று வணக்கம் சொல்கிறார். கோட்டக்குப்பத்தின் வடிகாலை அள்ளும் ஒருவருக்கு இதில் எத்தனை கிடைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருவில் குடிக்கவும் தண்ணீர் உண்டு. கரும்பச்சை இரும்பில், நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்குகிற குடிநீர் ஊற்றுகளை 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற செல்வந்தர் நகரத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். ஒரு போர் முடிந்து ஏழைகள் நல்ல தண்ணீருக்குத் தவித்த நேரம். நூறுக்கு மேற்பட்டவை இன்றும் நகரத்தில் நிற்கின்றன. தண்ணீர்ப்பந்தல் வைப்பதைப் புண்ணியமாக நினைக்கிற நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. அந்தப் பந்தல் வருஷம் முழுக்க ஏன் நிற்கக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

ரொட்டிக்கு நிற்கும் வரிசை

மாலை ஆறு மணிக்குப் பாரிஸ் தெருவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அக்குளில் நீள ரொட்டியோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பார். பாதிப் பேர் வீடு போகுமுன்பே நுனியைப் பிய்த்து வாயில் போட்டிருப்பார்கள். ரொட்டிக்கடை வாசலில் வரிசை. வக்கீலும் கொத்தனாரும் பள்ளிப் பிள்ளையும் ஒருவர் பின் ஒருவர். முன்னால் போய் எட்டிப் பார்ப்பது கிடையாது. உள்ளே போனதும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். சொல்லாமல் காசை நீட்டினால் கடைக்காரப் பெண்மணி தானே முதலில் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

'த்ரதிசியோன்' என்ற வகை ரொட்டியை எப்படிச் செய்ய வேண்டும் என்று 1993இல் அரசாணையே போட்டார்கள். மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பூட்டி. செயற்கைச் சேர்மானம் கூடாது, உறையவைக்கவும் கூடாது. 2022 நவம்பரில் யுனெஸ்கோ இந்த ரொட்டிக் கலையை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுதோறும் நகராட்சி நடத்தும் போட்டியில் நீளம், எடை, உப்பு, வேகல், மணம் எல்லாம் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வென்றவர் ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி அனுப்புவார்.

2023இல் அந்தப் பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து 2006இல் பிரான்சுக்கு வந்த தமிழர். 20ஆம் வட்டாரத்தில் அவர் கடை. 2024 ஒலிம்பிக் தீபத்தை ஏந்திப் பாரிஸ் தெருவில் ஓடியவர்களில் அவரும் ஒருவர். பரிசுச் செய்தி வந்த நாளில் லாச்சப்பலில் கடைக்குக் கடை அதே பேச்சு. "எங்கட பொடியன் அவைக்கே பாண் போட்டுக் காட்டிப்போட்டான்" என்று ஒரு பெரியவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைகிற பல கைகள் இன்று பாரிஸில் தமிழ்க் கைகள், வங்காளக் கைகள், வட ஆப்பிரிக்கக் கைகள். பிரெஞ்சுக்காரர் காலையில் கடிக்கும் ரொட்டியில் அந்த உழைப்பு இருக்கிறது.

காகிதம் இல்லாதவரின் தள்ளுவண்டி

அதே நகரத்தின் இன்னொரு முகம் பார்பெஸ் மெட்ரோ வாசலில் நிற்கிறது. பல்பொருள் அங்காடியின் தள்ளுவண்டி, அதன் மேல் தகர டின்னில் கரி, டின்னுக்கு மேல் ஓட்டை போட்ட தகடு, தகட்டில் மக்காச்சோளம். "மயீ ஷோ! மயீ ஷோ!" என்று குரல். சூடான சோளம் என்று கூவுகிறார். குளிர்காலத்தில் அதே தகட்டில் கஷ்கொட்டைகள் வெடிக்கும். விற்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியர், இந்தியர். பலருக்கு வசிக்கும் அனுமதி கிடையாது.

அவர் கண் சோளத்தின் மேல் பாதி, தெருமுனையின் மேல் பாதி. போலீஸ் நீலம் தெரிந்ததும் ஒரு விசில் சத்தம் வரும். அடுத்த நொடி, எரிகிற நெருப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓடுகிறார்கள். சிக்கினால் வண்டியும் சரக்கும் போச்சு. ஒருமுறை அப்படி ஓடும்போது கீழே விழுந்த இரண்டு கதிரை ஒரு பாட்டி பொறுக்கி எடுத்து, கூட்டம் கலைந்து அந்த இளைஞன் திரும்பி வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார். காசு கொடுத்து அதில் ஒன்றை வாங்கிக்கொண்டும் போனார்.

மே 1ஆம் தேதி மட்டும் இந்த நகரம் இளகுகிறது. அன்றைக்கு 'முய்கே' என்ற வெள்ளை மணிப்பூவை யார் வேண்டுமானாலும் நடைபாதையில் நின்று விற்கலாம். சின்னப் பிள்ளைகள், கட்சித் தொண்டர்கள், வேலையில்லாதவர்கள் எல்லாரும் விற்கிறார்கள். மறுநாள் சட்டம் மறுபடி இறுகிவிடும்.

இந்த விஷயத்தில் நம்மிடம் உள்ள சட்டம் அவர்களுடையதைவிடக் கருணையானது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கும் பெண்ணுக்கும், சுண்டல் வண்டிக்காரருக்கும் இந்த உரிமை இருக்கிறது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்கிறவர்கள்தான் குறைவு.

வெள்ளிக்கிழமைத் தெரு

கோட்டக்குப்பத்துக்காரருக்குப் பாரிஸின் வெள்ளிக்கிழமை மனதுக்கு நெருக்கமானது. 5ஆம் வட்டாரத்தில் உள்ள பெரிய பள்ளிவாசல் 1926இல் திறக்கப்பட்டது. முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாகக் கட்டியது. பச்சை ஓடு, வெள்ளைச் சுவர், முற்றத்தில் அத்திமரம், புதினாத் தேநீர். எல்லாரும் அங்கே போக முடியாது. வடக்குப் பகுதியின் தொழுகை இடங்கள் சின்னவை. அதனால் 18ஆம் வட்டாரத்தின் மிர்ஹா தெருவில் பல வருஷம் ஜும்ஆ தொழுகை தெரு வரைக்கும் நீண்டது. மழையானாலும் பனியானாலும் பாயை விரித்துத் தொழுதார்கள். வலதுசாரிகள் அதைப் பெரிய அரசியலாக்கினார்கள். 2011 செப்டம்பர் 16 முதல் தெருவில் தொழத் தடை வந்தது. தொழுகையைப் பயன்படாமல் கிடந்த தீயணைப்புப் படைக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அதே வட்டாரத்தில், கோடை முடியும் சமயத்தில், விநாயகர் தேர் முறையான அனுமதியோடு ஊர்வலம் போகிறது. காவடி, நாதசுரம், தெருவில் சிதறும் தேங்காய்கள், ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்கும் பிரெஞ்சுக் குடும்பங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நாள் விழாவுக்கு இடம் கொடுப்பது எந்த நகரத்துக்கும் எளிது. வாரா வாரம் வரும் தேவைக்கு இடம் கொடுப்பதில்தான் ஒரு நகரத்தின் மனசு தெரியும்.

இந்த இடத்தில் நம் ஊருக்குப் பாரிஸைவிடப் பெரிய மனசு. ஜும்ஆ நேரத்தில் வண்டியைத் தானாகவே ஓரம் கட்டுகிறவர்களும், நோன்பு மாதத்தில் கஞ்சிப் பாத்திரத்தோடு வரும் எந்த மதத்துப் பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுக்கிறவர்களும், மாசி மகத்துக்குக் கடலுக்குப் போகும் சாமிக்கு வழிவிடுகிறவர்களும் இந்தக் கரையோரத்தில் இருக்கிறார்கள். எந்தச் சட்டமும் சொல்லித் தராத பழக்கம் இது. இழந்தால் திரும்பக் கிடைக்காது.

ஆகஸ்ட்: கதவுகள் மூடும் மாதம்

ஆகஸ்டில் பாரிஸ் காலியாகிவிடும். கடைக்குக் கடை இரும்புக் கதவு இறங்கி, விடுமுறைத் தாள் ஒட்டியிருக்கும். ரொட்டிக்கடைகள் ஒரே சமயத்தில் மூடித் தெருவைப் பட்டினி போட்டுவிடக் கூடாது என்று, யார் ஜூலையில் மூடலாம், யார் ஆகஸ்டில் மூடலாம் என்பதைப் புரட்சிக் காலத்திலிருந்தே நிர்வாகம் பிரித்துக் கொடுத்துவந்தது. 2015இல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

மூடிய தெருவின் பயங்கரம் 2003 ஆகஸ்டில் வெளியே வந்தது. அந்த வெப்ப அலையில் பிரான்ஸ் முழுக்க ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள், பலர் தனியே, மேல்மாடி அறைகளில். பிள்ளைகள் விடுமுறையில், பக்கத்து வீட்டார் விடுமுறையில், மருத்துவர்களும் விடுமுறையில். தேடி வர யாரும் இல்லாத 57 உடல்களை செப்டம்பர் 3ஆம் தேதி தியே கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நாட்டின் ஜனாதிபதி ழாக் சிராக் வந்து நின்றார். சொந்தம் என்று வர ஒருவரும் இல்லை.

அதற்கு முன்பே, 1999இல், 17ஆம் வட்டாரத்தில் சிலர் 'அண்டைவீட்டார் விழா' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இறந்து மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு மூதாட்டியைக் கண்டெடுத்த அதிர்ச்சி அதற்குக் காரணம். வருஷத்தில் ஒரு மாலை, கட்டடத்து முற்றத்தில் மேசை போட்டு, ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்து, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

நம் ஊரில் பக்கத்து வீட்டு அம்மா இரண்டு நாள் வாசலில் தென்படாவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஆனால் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் மூன்று மாடி வீட்டில் என்ற நிலை கோட்டக்குப்பத்திலும் பெருகிவருகிறது. உயர்ந்த மதிலும் பூட்டிய கேட்டும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள வீட்டின் கதவை யார் தட்டுவது? வீட்டைக் கட்டிய வேகத்தில் தெருவோடு இருந்த பேச்சையும் அடைத்துவிட்டால், 2003இன் பாரிஸ் நமக்கும் தூரத்தில் இல்லை.

பள்ளிக்கூட வாசல்

பாரிஸும் காருக்குத் தெருவை எழுதிக் கொடுத்த நகரம்தான். சேன் ஆற்றின் கரையிலேயே 1967இல் விரைவுச்சாலை போட்டார்கள். அந்த வலதுகரைச் சாலையின் நடுப்பகுதியை 2016இல் மூடி, நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2020 முதல் பள்ளிகளின் முன்னால் உள்ள தெருக்களைக் காருக்கு அடைத்து மரம் நட்டார்கள். இப்போது அப்படி 200 தெருக்களுக்கு மேல். 2021 ஆகஸ்ட் இறுதியில் நகரின் பெரும்பாலான தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வேகம் என்று வைத்தார்கள். 2025 மார்ச்சில் இன்னும் 500 தெருக்களை நடப்பவர்களுக்கு விடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் 66 சதவீதம் பேர் சரி என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களோ 4 சதவீதம் மட்டுமே. தெருவைப் பற்றிக் கேட்டாலும் வந்து சொல்ல ஆள் குறைவு என்பது அங்கேயும் உள்ள குறை.

பள்ளி விடும் நேரத்தில் அப்படி அடைத்த ஒரு தெருவில் நின்றால், முதலில் காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஹாரன் இல்லை, பிள்ளைகளின் இரைச்சல் மட்டும். அப்பாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிற்றுண்டி கொடுக்கிறார்கள். தாத்தா ஒருவர் பேத்தியின் கையை விட்டுவிட்டு நிற்கிறார். தெருவில் பிள்ளையின் கையை விட முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளையைக் கூட்டிப் போகிற எந்தத் தாயையும் கேட்டால் தெரியும்.

கோட்டக்குப்பம் கேட்க வேண்டியவை

கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப்பலகை மாறியதோடு கேட்கும் உரிமையும் கூடியிருக்கிறது. பாரிஸின் கோடிகள் நம்மிடம் இல்லை. இங்கே சொல்லப்போகும் எதற்கும் கோடிகள் வேண்டாம்.

முதலில் பள்ளிக்கூட வாசல். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, ஊருக்குள் இருக்கும் பள்ளித் தெருக்களில் வண்டிகளைத் தடுத்தால் போதும். ஒரு தடுப்புக் கட்டையும் ஒரு காவலரும் செய்யக்கூடிய வேலை. அடுத்தது நடைபாதை. சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு திட்டத்திலும் நடப்பவருக்கான அடி எத்தனை என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, தெரு வியாபாரிகளின் குழு முறையாகக் கூடுகிறதா, யார் யார் உறுப்பினர் என்று நகராட்சியில் எழுதிக் கேட்க வேண்டும். நான்காவது, துப்புரவுப் பணியாளருக்குக் கையுறையும் பூட்ஸும் முழுச் சம்பளமும் மாதந்தவறாமல் கிடைக்கிறதா என்பதை ஊர்க்காரர்கள் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, தெருவுக்கு ஒரு பெஞ்சும் ஒரு குடிநீர்க் குழாயும். வயதானவர் பாதி வழியில் உட்கார இடம் இருந்தால்தான் வீட்டை விட்டு வெளியே வருவார்; வெளியே வந்தால்தான் வராத நாள் தெரியும்.

பிரான்சிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நல்ல தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, தினமும் நடக்கிறார்கள். பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் கல்யாணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறவர்கள், அடுத்தமுறை ஊருக்கு வரும்போது தங்கள் தெருவுக்கு ஒரு நிழல்மரத்தையும் பெஞ்சையும் கேட்டு, நகராட்சியோடு செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வரலாம். வழிநடப்பவருக்கு இடைஞ்சலாகக் கிடப்பதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதில் ஓதிய ஊர் இது.

பாரிஸில் குப்பைத் தொட்டி வைக்கச் சொன்னபோதும் எதிர்ப்பு வந்தது, ஆற்றங்கரைச் சாலையைக் காருக்கு மூடியபோதும் வழக்குப் போட்டார்கள். விடாமல் கேட்டவர்கள் இருந்ததால் தெரு மாறியது. கோட்டக்குப்பத்தில் அடுத்து நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் தெருவுக்கு ஒருவர் எழுந்து இந்த ஐந்தையும் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். நிறைவேறும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கட்டும்.